துணியைப் பிடித்துவைக்கும் உரிமை: கூலி மறுக்கப்பட்ட தனித்தொழிலாளர் பற்றி ஒரு வரலாற்று நோக்கு

மக்காவில் இஸ்லாத்தை முதன்முதலாக ஏற்ற சிலருள் ஒருவரான கப்பாப் இப்னுல் அரத்து (ரலி) அவர்கள் தொழிலால் கொல்லர். வாள் அடித்துக் கொடுத்து வாழ்ந்தவர்கள். குறைஷிக் குலத்துச் செல்வந்தனான ஆஸ் இப்னு வாயில் அவர்களிடம் வாள் செய்யச் சொல்லி வாங்கிக்கொண்டு, அதற்குரிய பணத்தைத் தராமல் நிறுத்திவைத்தான். கேட்கப் போனபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை மறுத்தால்தான் தருவேன் என்று நிபந்தனை விதித்தான். நீ இறந்து மீண்டும் எழுப்பப்படும் நாள் வரையிலும் அது நடவாது என்று கப்பாப் (ரலி) மறுமொழி கூறினார்கள். அப்படியானால் அந்நாளில் எனக்குச் செல்வமும் மக்களும் இருக்கும், அப்போது வந்து வாங்கிக்கொள் என்று அவன் எள்ளி நகையாடினான். ஸஹீஹுல் புகாரியில் இடம்பெறும் இந்நிகழ்ச்சியையொட்டியே மர்யம் அத்தியாயத்தின் 77 முதல் 80 வரையிலான வசனங்கள் அருளப்பெற்றன. தஃப்ஸீர் வகுப்புகளில் இவ்வசனங்களை மறுமையை மறுப்போருக்குரிய பதிலாகவே நடத்துகிறோம், அது சரியே. ஆயினும் அவற்றின் அடியில் கிடப்பது ஒரு கொல்லரின் கைக்கு வராத கூலி என்பதை மாணவர்க்கு எடுத்துச் சொல்லும் ஆசிரியர்கள் குறைவு. நானும் பல்லாண்டுகள் சொல்லாமலே நடத்தி வந்திருக்கிறேன்.

இதே ஆஸ் இப்னு வாயிலின் பெயர், நபித்துவத்திற்கு முற்பட்ட வேறொரு நிகழ்ச்சியிலும் வருகிறது. யமன் நாட்டின் ஸபீதைச் சேர்ந்த வணிகர் ஒருவர் மக்காவுக்குச் சரக்குக் கொண்டுவந்தார். ஆஸ் அதை வாங்கிக்கொண்டு விலையைத் தரவில்லை. அயலூர்க்காரரான அவ்வணிகருக்கு மக்காவில் குலப் பாதுகாப்பு இல்லை. அவர் அபூகுபைஸ் குன்றின்மேல் ஏறி நின்று, கஅபாவைச் சுற்றி அமர்ந்திருந்த குறைஷியர் கேட்கத் தம் முறையீட்டை உரக்கச் சொன்னார். அதன் விளைவாக அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் சில குலத்தார் கூடி, மக்காவில் அநீதி இழைக்கப்பட்டவர் எவராயினும் அவருக்குரியதை மீட்டுத் தரும் வரை ஒருமித்து நிற்பதாக உறுதிமொழி செய்துகொண்டனர். அதுவே ஹில்ஃபுல் ஃபுளூல். இளைஞராயிருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் அதில் பங்கேற்றார்கள்; நபித்துவத்திற்குப் பின்னரும் அத்தகைய உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் உடன்படுவேன் என்ற கருத்தில் அதை நினைவுகூர்ந்தார்கள் என்பதை ஸீரா நூல்கள் பதிவு செய்துள்ளன.

இரு நிகழ்ச்சிகளிலும் கொடுக்க வேண்டியவன் ஒருவனே. இரண்டிலும் பொருள் கைமாறிய பிறகே சிக்கல் தொடங்கியது. வணிகருக்கு ஒரு கூட்டம் துணை நின்றது. கப்பாப் (ரலி) அவர்களுக்கோ வாள் கையைவிட்டுப் போனபின் நாவைத் தவிர வேறு கருவி இல்லை.

இவ்வரலாற்றை மீண்டும் புரட்டிப் பார்க்கும்படி செய்தவர் என் முன்னாள் மாணவர் ஒருவர். அடையாறில் வசிக்கிறார். அரபுக் கல்லூரியில் பட்டம் பெற்றபின் பல்கலைக்கழகத்திலும் படித்து, வளைகுடா நாடுகளுடன் வணிகத் தொடர்புள்ள நிறுவனங்களுக்கு ஒப்பந்தங்களையும் சான்றிதழ்களையும் அரபியிலிருந்து மொழிபெயர்த்துத் தருகிறார். எவரிடமும் சம்பளத்திற்கு இல்லை. பக்கத்திற்கு இவ்வளவு என்பதே கணக்கு. தியாகராய நகரிலுள்ள ஒரு நிறுவனம் ஏறத்தாழ 200 பக்கங்களை வாங்கிக்கொண்டு ஏழு மாதங்களாகப் பணம் தரவில்லை. “ஹஸ்ரத், தையற்காரன் என்றால் துணியைக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளலாம். நான் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். இனி என் கையில் என்ன இருக்கிறது?” என்று அவர் கேட்டார். பழைய பாடத்தை நினைவில் வைத்துக்கொண்டே அவர் அப்படிக் கேட்டார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

ஃபிக்ஹு நூல்களின் இஜாரா பாடம் உழைப்பாளியை இரு வகையாகப் பிரிக்கிறது. ஒரு குறிப்பிட்ட காலத்திற்கு ஒருவருக்கே உழைப்பவர் அஜீர் காஸ். பலரிடமும் வேலை ஏற்று, வேலைக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவர் அஜீர் முஷ்தரக். தையற்காரர், சாயம் தோய்ப்பவர், வெளுப்பவர், பொற்கொல்லர், சுமைதூக்கி ஆகியோர் இரண்டாம் வகையினர். இன்று ஃப்ரீலான்ஸர் என்று எல்லாரும் வழங்கும் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான அரபுச் சொல்லைத் தேட வேண்டியதில்லை. முதல் வகையினர் தம் நேரத்தை ஒப்படைத்தாலே கூலிக்கு உரியவராகின்றனர். இரண்டாம் வகையினரின் கூலி, வேலை முடிவதைப் பொறுத்தது என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. ஷாஃபிஈ மத்ஹபிலோ தவணை பேசப்படாதபோது ஒப்பந்தத்தாலேயே கூலி கடமையாகிவிடுகிறது.

இந்த இரண்டாம் வகையினருக்குள்ளும் ஒரு நுட்பமான பிரிவை ஹனஃபி அறிஞர்கள் வகுத்தனர். ஹிஜ்ரி 593இல் மறைந்த இமாம் மர்கீனானி (ரஹ்) அவர்களின் ஹிதாயாவில் இது தெளிவாக உள்ளது. தையற்காரர், சாயம் தோய்ப்பவர் போன்று, எவருடைய உழைப்பின் தடயம் பொருளிலேயே நிலைத்து நிற்கிறதோ, அவர் கூலியைப் பெறும் வரை அப்பொருளைப் பிடித்துவைக்கலாம். சுமைதூக்கியும் ஓடக்காரரும் அவ்வாறு பிடித்துவைக்க இயலாது; சுமை இடம் மாறியதே தவிர, அவர்களின் உழைப்பு அதில் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. இமாம் ஸுஃபர் (ரஹ்) மட்டும் இருவருக்குமே அவ்வுரிமை இல்லை என்றார்கள். பிடித்துவைத்திருக்கும்போது பொருள் கெட்டுப்போனால் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்துப்படி அவர் ஈடு தர வேண்டியதில்லை. ஆனால் கூலியும் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் உஸ்மானியப் பேரரசு தொகுத்த மஜல்லாவின் 482, 483ஆம் பிரிவுகள் இதனையே சட்டமாக்கின. கூலியைப் பின்னர் பெற்றுக்கொள்வதாகத் தவணை பேசியிருந்தால் பிடித்துவைக்கும் உரிமை இல்லை என்ற வரையறையும் அங்கு உண்டு.

இனி 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவைப் பார்க்கும் மதரஸா மாணவர் வியப்படையாமல் இருக்க முடியாது. ஒப்படைக்கப்பட்ட பொருளின்மீது உழைப்பையோ திறமையையோ செலுத்தியவர், தமக்குரிய ஊதியம் கிடைக்கும் வரை அப்பொருளைத் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். அதற்குத் தரப்பட்டுள்ள எடுத்துக்காட்டுகள் இரண்டு. பட்டை தீட்டக் கொடுத்த வைரக்கல்லைப் பொற்கொல்லர் பிடித்துவைக்கலாம். மூன்று மாதத் தவணைக்கு ஒப்புக்கொண்டு சட்டை தைக்கத் துணி வாங்கிய தையற்காரர் பிடித்துவைக்க இயலாது. ஹிதாயாவை 1791இலேயே சார்லஸ் ஹாமில்டன் ஆங்கிலமாக்கிவிட்டார் என்பதைக் கொண்டு, ஆங்கிலேயர் நம்மிடமிருந்து எடுத்தனர் என்று சொல்லிவிடும் ஆசை சிலருக்கு எழக்கூடும். அந்த ஆசைக்கு நான் இடம் கொடுக்கவில்லை. ஆங்கிலப் பொதுச் சட்டத்திலும் இவ்வுரிமை பழையதே. தையற்காரரின் சங்கடம் கூஃபாவிலும் லண்டனிலும் ஒன்றாயிருந்ததால் தீர்வும் ஒத்துப்போனது என்று கொள்வதே முறை.

நம் சென்னை மாநகரின் பழைய நிலை என்ன? கும்பினியார் காலத்தில் சிறு வழக்குகளைச் சாவடி நீதிமன்றம் விசாரித்தது. 1688இல் மேயர் நீதிமன்றம் வந்தது. 1753ஆம் ஆண்டுச் சாசனம் ஐந்து பகோடாவுக்கு உட்பட்ட சிறு கடன்களுக்கென்றே ஒரு தனி மன்றத்தை அமைத்தது. 1801இல் உச்ச நீதிமன்றம், 1862இல் உயர் நீதிமன்றம் என வளர்ச்சி தொடர்ந்தது. 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மாகாணத் தலைநகரங்களின் சிறு வழக்கு நீதிமன்றங்கள் 2000 ரூபாய் வரையிலான கோரிக்கைகளை விசாரித்தன. காஜிகளின் நிலையோ வேறு. 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டம் முதலில் சென்னை மாகாணத்திற்கே உரியதாக இயற்றப்பட்டது. ஆனால் நீதி வழங்கும் அதிகாரம் எதையும் அது காஜிக்கு அளிக்கவில்லை என்று அச்சட்டமே கூறுகிறது. ஆகவே கூலி மறுக்கப்பட்ட முஸ்லிம் கைவினைஞர் காஜியிடம் முறையிட்டால், அவர் எடுத்துச் சொல்லலாம், கட்டளையிட முடியாது.

இவற்றைவிட நம் கவனத்திற்குரியது 1859ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் சட்டம். கல்கத்தாவின் ஐரோப்பிய வணிகர் சங்கத்தார் கொடுத்த விண்ணப்பத்தின்மேல் இயற்றப்பட்ட இச்சட்டம், கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களுக்கு உடனே பொருந்தியது. முன்பணம் பெற்றுக்கொண்ட கைவினைஞரோ கூலியாளோ வேலையைச் செய்யத் தவறினால், வேலை கொடுத்தவர் மாஜிஸ்திரேட்டிடம் முறையிடலாம். வேலையைச் செய் அல்லது பணத்தைத் திருப்பிக் கொடு என்று மாஜிஸ்திரேட் ஆணையிடுவார்; மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். இதற்கு நேரெதிராக, வேலையை வாங்கிக்கொண்டு கூலி தராதவரைச் சிறைக்கு அனுப்பும் எதிர்விதி அச்சட்டத்தில் இல்லை. கைவினைஞர் உரிமையியல் வழக்குப் போட்டுக் கட்டணம் செலுத்திக் காத்திருக்க வேண்டும். மறு ஆண்டே வந்த ஒரு சட்டம் இரயில்பாதை முதலிய பொதுப்பணி ஊழியரின் கூலித் தகராறுகளை மாஜிஸ்திரேட் விரைந்து தீர்க்க வழி செய்தது என்றாலும், மயிலாப்பூர் மாட வீதியில் தனியே உட்கார்ந்து நகை செய்தவருக்கு அது பயன்படவில்லை. 1859ஆம் ஆண்டுச் சட்டம் 1926 ஏப்ரல் முதல் நாளில்தான் ஒழிந்தது. அதாவது 67 ஆண்டுகள் இந்நகரில், வேலை செய்யத் தவறியது குற்றமாகவும் கூலி கொடுக்கத் தவறியது வெறும் கடனாகவும் கருதப்பட்டன. வசதியிருந்தும் கடனை இழுத்தடிப்பவனைக் கண்டிக்கவும் தண்டிக்கவும் இடம் தரும் அபூதாவூதின் ஹதீஸை ஓதியிருக்கும் எவருக்கும், இது தராசைத் தலைகீழாகப் பிடித்த கதை என்றே தோன்றும்.

பின்னர் வந்த தொழிலாளர் சட்டங்கள் அஜீர் காஸுக்கே கைகொடுத்தன. 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் ஆலை, இரயில்வே ஊழியருக்கானது. அதன் இடத்தில் வந்த 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அதுவும் ஒருவரிடம் பணியமர்த்தப்பட்டவரை மனத்தில் கொண்டதே. தமிழகத்தில் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த நல வாரியங்கள் தையற்காரர் உள்ளிட்ட உடலுழைப்போருக்கு உதவித்தொகைகள் அளிக்கின்றன. தராத கூலியை வாங்கித் தருவது அவற்றின் வேலையன்று. இவ்வாறு அஜீர் முஷ்தரக்குக்கு மிஞ்சியது ஒப்பந்தச் சட்டமும் உரிமையியல் நீதிமன்றமுமே.

இங்கு சேப்பாக்கத்து வரலாறு ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. நவாப் முஹம்மது அலி வாலாஜா 1768இல் எழுப்பிய மாளிகை இன்றும் நிற்கிறது. அவருடைய கடன்கள் இங்கிலாந்து நாடாளுமன்றம் வரை சென்றன. 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் அதைப் பற்றி ஆற்றிய பேருரை புகழ்பெற்றது. கர்நாடகம் கும்பினி ஆட்சியின்கீழ் வந்தபின், 1805இல் அக்கடன்களை ஆராய ஆணையம் அமைத்தார்கள். மூன்று கோடி பவுனுக்கு மேல் கோரிக்கைகள் குவிந்தன. அவற்றுள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானவையே உண்மையென ஏற்கப்பட்டன. பத்திரம் இருந்தால் போதும் என்று நினைப்போருக்கு இது ஓர் எச்சரிக்கை. பொய்ப் பத்திரங்கள் மலையாகக் குவிந்த இடத்தில் மெய்யான கடனும் ஐயத்திற்குள்ளாகும். பகரா அத்தியாயத்தின் கடன் வசனம் எழுதச் சொல்வதோடு நிற்காமல், எழுத்தர் நீதியோடு எழுத வேண்டும் என்றும் சாட்சிகள் வேண்டும் என்றும் விதித்திருப்பதன் பொருள் இத்தகைய வரலாறுகளைப் படிக்கும்போது நன்கு விளங்குகிறது.

மாணவரின் கேள்விக்கு வருவோம். அனுப்பிவிட்ட கோப்பு, ஒப்படைக்கப்பட்ட துணி ஆகாது. இன்னும் சொன்னால், வழக்கறிஞர் ஒருவர் கட்டணம் வராததால் கட்சிக்காரரின் வழக்குக் கட்டுகளைப் பிடித்துவைத்தபோது, அவை 170ஆம் பிரிவு கூறும் பொருள்கள் அல்ல என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில், ஆர்.டி. சக்ஸேனா வழக்கில் கூறிவிட்டது. அப்படியென்றால் மொழிபெயர்ப்பாளர் சுமைதூக்கியின் வரிசையில் நிற்கிறாரா? முழுக்க அப்படியும் இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இங்கு ஒரு வேறுபாட்டைச் செய்கிறது. சம்பள ஊழியர் தம் பணியின் பகுதியாக எழுதியதன் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லையேல், முதலாளிக்குரியது. தனித்து வேலை ஏற்று எழுதியவரின் எழுத்துக்கு முதல் உரிமையாளர் எழுதியவரே. எழுத்து மூலமாகக் கையொப்பமிட்டுக் கொடுத்தாலன்றி அது மாறுவதில்லை. பணம் பெற்று எடுத்த நிழற்படம், வரைந்த உருவப்படம் போன்றவற்றுக்கு மட்டும் இவ்விதி மாறுபடும். அவை எடுக்கச் சொன்னவருக்கே உரியவை. ஆக, எழுதியவரின் உழைப்பின் தடயம் எழுத்தில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. கோப்பு போனாலும் உரிமை கையில் நிற்கிறது. வணிக ஒப்பந்தத்தின் மொழிபெயர்ப்பில் இவ்வுரிமையின் விலை அதிகமில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் நூலையோ விளம்பர வாசகத்தையோ எழுதித் தந்தவருக்கு இது உண்மையான பிடிமானம்.

கூலி இவ்வளவு என்று பேசாமலே வேலை செய்துவிட்டால் என்ன செய்வது? இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜை ஓதிய ஷாஃபிஈ மாணவர்க்கு இது பழகிய பாடம். கூலியைக் குறிப்பிடாமல் துணியை வெளுக்கவோ தைக்கவோ கொடுத்தால், செய்தவருக்குக் கூலி இல்லை என்பது மத்ஹபின் அடிப்படைக் கருத்து. உண்டு என்பது ஒரு கருத்து. அத்தொழிலுக்குப் பேர்போனவராக இருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை என்பது மூன்றாவது. இம்மூன்றாவதை நல்லதெனக் கொள்ள இடமிருப்பதாக இமாமவர்களே குறிப்பிடுகிறார்கள். இன்றைய ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவு ஏறத்தாழ அங்கேயே வந்து நிற்கிறது. இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி முறையாக ஒருவர் செய்த வேலையின் பயனை மற்றவர் அனுபவித்தால், அவர் ஈடு செய்ய வேண்டும். ஃபிக்ஹில் இதற்கு அஜ்ருல் மிஸ்ல், அதாவது அவ்வேலைக்கு ஊரில் வழங்கும் கூலி. நம் மாணவருக்கு இச்சிக்கல் எழவில்லை. பக்க விலை வாட்ஸ்அப்பில் பேசப்பட்டிருந்தது. மின்னஞ்சல் வழியே முடிந்த ஒப்பந்தம் செல்லும் என்பதை உச்ச நீதிமன்றம் 2010இல் டிரைமெக்ஸ் வழக்கில் ஏற்றுள்ளது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, உரிய சான்றுடன் மின்னணுப் பதிவுகளை நீதிமன்றத்தில் முன்வைக்கலாம். உரையாடல்களை அழித்துவிடாதிருப்பது ஒன்றே அவர் செய்ய வேண்டியிருந்தது.

வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதலில் வழக்கறிஞர் வழியாக ஓர் அறிவிப்பு. பல தகராறுகள் இதிலேயே முடிந்துவிடுகின்றன. காசோலை கொடுத்துப் பணமின்றித் திரும்பியிருந்தால், வங்கியின் தகவல் கிடைத்த 30 நாள்களுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும்; 15 நாள்களில் தராவிடில், அடுத்த ஒரு மாதத்திற்குள் செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆம் பிரிவின்கீழ்க் குற்றவியல் முறையீடு செய்யலாம். எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37ஆம் கட்டளைப்படி சுருக்க வழக்குத் தொடுக்கலாம். அதில் எதிர்வழக்காடுவதற்கே எதிரி நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும். காலவரம்பு மூன்று ஆண்டுகள். தவணை பேசாத வேலையாயின் வேலை முடிந்த நாளிலிருந்து அது ஓடத் தொடங்குகிறது. அதற்குள் கடன்பட்டவர் எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ ஒரு பகுதியைச் செலுத்தி அது எழுத்தில் பதிவானாலோ மீண்டும் புதிதாகத் தொடங்கும். காலம் கடந்ததால் உரிமை அழிவதில்லை என்பது ஃபிக்ஹின் நிலை. ஆனாலும் 15 ஆண்டுகள் கடந்த கடன் வழக்கைக் கேட்கலாகாது என்று உஸ்மானிய சுல்தான்கள் காஜிகளைத் தடுத்தனர். மஜல்லாவிலும் அது இடம்பெற்றது. நம் நாட்டிலோ மூன்றே ஆண்டுகள். முகத்தாட்சணியம் பார்த்துக் காலத்தைக் கழிப்பது நம்மவரின் பெருங்குறை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சமரசத்தையும் மறந்துவிடக் கூடாது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005 ஏப்ரலில் தொடங்கிய சமரச மையம், நீதிமன்றத்தோடு இணைந்தவற்றுள் இந்தியாவிலேயே முன்னோடி. மக்கள் நீதிமன்றத்தில் ஏற்படும் முடிவு, நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரான வலிமை உடையது. ஸுல்ஹு என்று நாம் நூல்களில் ஓதுவது இதுவே.

தியாகராய நகரையும் கோடம்பாக்கத்தையும் சுற்றி வளர்ந்த திரைத்துறை, இந்நகரின் மிகப் பெரிய அஜீர் முஷ்தரக் கூட்டம் எனலாம். படச்சுருள் காலத்தில் ஆய்வகத்தில் கிடந்த நெகட்டிவே அதன் பிடித்துவைத்த துணியாக இருந்தது. கட்டணம் தீராமல் பிரதிகள் வெளிவரா. இன்று அவ்விடத்தைப் பிடித்திருப்பது வெளியீட்டுத் தடை கோரும் மனு. 2022இல் நடிகர் சிவகார்த்திகேயன், ‘மிஸ்டர் லோக்கல்’ படத்திற்குப் பேசிய 15 கோடி ரூபாயில் 4 கோடி தரப்படவில்லை எனக் கூறி, அத்தொகை தீரும் வரை தயாரிப்பாளர் வேறு படங்களில் முதலிடத் தடை வேண்டுமென உயர் நீதிமன்றத்தை நாடினார். நீதிமன்றம் அதை நடுவர் ஒருவரிடம் ஒப்படைத்தது. நட்சத்திரங்களுக்கு இவ்வழி கைகூடும். விளக்குப் பிடிப்பவருக்கும் ஒப்பனை செய்பவருக்கும் துணை நிற்பவை அவர்களின் சங்கங்களும் அவற்றை இணைக்கும் சம்மேளனமுமே. பாக்கி வைத்தவரின் அடுத்த படத்திற்கு ஒத்துழையோம் என்று அவர்கள் கூடி நிற்கும்போது, அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லம் என் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. திரைத்துறையை இவ்விதழில் உவமையாக்குவது சிலருக்கு உவப்பாயிராது. ஆனால் அரபு மொழிபெயர்ப்பாளர்களுக்கு அப்படி ஒரு சங்கம் உண்டா என்று கேட்டால் தலை குனிய வேண்டியிருக்கிறது.

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் தனித்தொழிலாளருக்கு ஒரு புது வாயிலைத் திறந்துள்ளது. தனி ஒருவரும் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்ளலாம். சேவைத் தொழிலும் அதில் அடங்கும். 2020 ஜூலை முதல் இப்பதிவு ‘உத்யம்’ என்று வழங்குகிறது. பதிவு செய்தவரிடம் வேலை வாங்கியவர், எழுத்தில் பேசிய நாளுக்குள், எப்படியாயினும் 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும். நாள் பேசாவிடில் 15 நாள்களே. தவறினால் மாநில அரசு அமைத்துள்ள வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் செல்ல விரும்பினால், தீர்ப்புத் தொகையில் 75 விழுக்காட்டை முதலில் கட்ட வேண்டும். வலியவர் மேல்முறையீட்டாலேயே எளியவரைக் களைப்படையச் செய்யும் வழக்கத்திற்கு இது நல்ல கடிவாளம். ஆனால் வேலை முடிந்தபின் செய்த பதிவு முந்திய பாக்கிக்கு உதவாது என்ற நிலையை உச்ச நீதிமன்றம் 2022இல் எடுத்தது; ஆதலால் பதிவை முன்னரே செய்து வைப்பதே அறிவுடைமை. நம் மாணவர் செய்திருக்கவில்லை.

இச்சட்டத்தில் நமக்கொரு தடைக்கல்லும் உண்டு. தாமதித்தவர், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கில், மாதந்தோறும் கணக்கிட்டுக் கூட்டுவட்டி தர வேண்டும் என்று அது விதிக்கிறது. அதை நாம் வாங்கலாமா? தாமதத்திற்காகக் கடனின்மேல் கூடுதல் பெறுவது ஜாஹிலிய்யாக் காலத்து ரிபாவின் உருவமே என்பதில் அறிஞர்களிடையே ஐயமில்லை. அநீதி இழைத்தவரிடமிருந்துதானே வாங்குகிறோம் என்ற வாதம் கேட்க இனிமையாயிருக்கிறது; ஆயினும் அதை என்னால் ஏற்க இயலவில்லை. பஹ்ரைனைத் தலைமையிடமாகக் கொண்ட அஅயோஃபி அமைப்பின் மூன்றாவது ஷரீஅத் தரவிதி இழுத்தடிக்கும் கடனாளி பற்றியது. கடன் கொடுத்தவர் தாமதத்திற்காகப் பண ஈடு பெற நிபந்தனையிடக் கூடாது. தாமதித்தால் ஒரு தொகையை அறப்பணிக்குத் தருவேன் என்று கடனாளி முன்கூட்டி ஏற்றுக்கொள்ளலாம். வசூலிப்பதற்கு ஆன வழக்குச் செலவைக் கடனாளியிடம் பெறலாம் என்று அது வகுத்துள்ளது. ஆகவே நம் இளைஞர்கள் தம் ஒப்பந்தங்களில், வட்டிக்கு மாறாக, அறப்பணி விதியொன்றையும் செலவு விதியொன்றையும் சேர்த்து எழுதலாம். மன்றம் தானாகவே வட்டியோடு தீர்ப்பளித்தால், அசலையும் செலவையும் தமக்கு எடுத்துக்கொண்டு எஞ்சியதை நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவதே பேணுதலான வழி. வட்டிக்கு அஞ்சி அசலையே கேட்காமல் விட்டுவிடுவோரும் நம்மிடையே உள்ளனர். அது பேணுதல் அன்று. கேட்கத் தயங்குவதற்குத் தேடிக்கொண்ட காரணம்.

மாணவருக்காக மயிலாப்பூர் வழக்கறிஞர் ஒருவர் இரண்டு பக்க அறிவிப்பு எழுதிக் கொடுத்தார். பேசிய விலை, அனுப்பிய நாள்கள், நிறுவனம் ‘கிடைத்தது’ என்று இட்ட பதில்கள், பதிப்புரிமை இன்னும் மாற்றித் தரப்படவில்லை என்ற ஒரு வரி ஆகியவை அதில் இருந்தன. வட்டி கேட்கவில்லை, அறிவிப்புக்கான செலவை மட்டும் கேட்டார். 23 நாள்கள் கழித்துப் பாதிப் பணமும், அடுத்த மாதம் மீதியும் வந்தன. செலவுத் தொகை வரவில்லை. அதை அவர் விட்டுவிட்டார். அதன்பின் உத்யம் பதிவைச் செய்துகொண்டார். இப்போது புதியவர்களிடம் வேலை ஏற்கும்போது பாதியை முன்பணமாகப் பெறுகிறார். முடித்ததும் முத்திரையும் கையொப்பமும் இல்லாத படியை முதலில் அனுப்பிவிட்டு, மொழிபெயர்ப்பாளர் சான்றொப்பமிட்ட படியைத் தம்மிடமே வைத்திருக்கிறார். தூதரகத்தில் செல்லுபடியாவது சான்றொப்பமிட்ட படி மட்டுமே. மீதிப் பணம் வந்த அன்று மாலையே அதைக் கொடுத்தனுப்பிவிடுவதாகச் சொன்னார்.